சிக்லிட் சங்கத்தில் ஆள் கூடிவிட்டது, மீன் பேச்சு குறைந்துவிட்டது. என்ன செய்யலாம்?

ஏரிப்பாறை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆப்பிரிக்க ஏரிகளின் சிக்லிட் என்ற அலங்கார மீன்களை வளர்க்கிறவர்களுக்காக நாங்கள் ஒரு சங்கம் நடத்துகிறோம், அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே கேட்க வேண்டியிருக்கிறது. ஆரம்பித்தபோது நாலைந்து பேர்தான். ஒருவரிடம் மலாவி ஏரியின் பாறைகளில் வாழும் ம்பூனாக்கள், ஒருவரிடம் தங்கனீக்கா ஏரியின் ட்ரோஃபியஸ், இன்னொருவர் மலாவியின் பீகாக் வகை தவிர வேறு எதையும் தொடமாட்டார். மாதத்துக்கு ஒருமுறை யார் வீட்டிலாவது கூடுவோம். எந்த ஆண் எதை விரட்டுகிறது, எந்தப் பெண் வாயில் முட்டை வைத்திருக்கிறது (இவற்றில் பல வாயிலேயே அடைகாக்கும்) என்று தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேச்சு ஓடும், கிளம்பும்போது ஆளுக்கொரு பையில் குஞ்சு. தலைவர், பொருளாளர் எல்லாம் பிறகு வந்தவை.

இப்போது ஆள் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள். அதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். உறுப்பினர்கள் வளர்த்த மீன்களைப் பைகளில் விற்கிற எங்கள் ஏலத்துக்கு இடம் போதவில்லை, புதியவர்களின் பெயர்கூட நினைவில் நிற்பதில்லை. ஆனால் கூட்டத்தில் மீனைப் பற்றிப் பேசுகிறவர்கள் பார்த்தால் அதே பழைய ஆட்கள்தான். மற்றவர்கள் ஏலம் ஆரம்பிக்கிற நேரத்துக்குச் சரியாக வருகிறார்கள், வாங்குகிறார்கள், போய்விடுகிறார்கள். வாட்ஸப் குழுவில் ஒருநாள் காலையில் ஒருவர், தன் ட்ரோஃபியஸ் இரை எடுக்கவில்லை, கழிவு வெள்ளையாக நூல் மாதிரி தொங்குகிறது, என்ன செய்ய என்று கேட்டிருந்தார். அதற்கு மேலேயும் கீழேயும் விற்பனைப் படங்கள். மாலை வரை ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. ப்ளோட் என்கிற வயிற்று நோய் வந்த மீனுக்கு ஒரு பகல் பொழுது என்பது எவ்வளவு பெரிது என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. போன ஏலத்தில் 'லேபிடோக்ரோமிஸ் கெருலியஸ்', அதாவது மஞ்சள் லேப், என்று சீட்டு ஒட்டிய ஒரு பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எலுமிச்சை மஞ்சளாக இருக்க வேண்டிய உடம்பில் லேசாக ஆரஞ்சு ஏறியிருந்தது, முதுகுத் துடுப்பில் ஓட வேண்டிய கறுப்புப் பட்டை அங்கங்கே அறுந்து கிடந்தது, நெற்றியும் சரிவாக இல்லாமல் செங்குத்தாக இறங்கியது. ரெட் ஜீப்ரா என்ற வேறொரு ம்பூனாவோடு கலந்த குஞ்சுகள் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. வாங்கியவர் அன்றுதான் முதன்முதலாக வந்தவர். அவரும் அதை மஞ்சள் லேப் என்றே நம்பி வளர்ப்பார், குஞ்சு எடுப்பார், அடுத்த வருடம் அதே பெயரில் நம் ஏலத்துக்கே கொண்டுவருவார்.

அதனால் கேட்கிறேன். ஆள் சேர்ப்பதை நிறுத்த வேண்டுமா? சந்தா போட்டால் வடிகட்ட முடியுமா? மலாவி, தங்கனீக்கா, விக்டோரியா என்று ஏரி வாரியாகப் பிரித்துவிடலாமா? பெரிய சங்கங்களில் இருந்தவர்கள், நடத்தியவர்கள் சொல்லுங்கள்.


பழைய தொட்டி எழுதியது:

தம்பி, நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஆள் சேர்ப்பதை நிறுத்த வேண்டாம். வருகிறவர்கள் கையில் வேலை ஒன்றும் இல்லாததால்தான் அவர்கள் வாங்குகிறவர்களாக மட்டும் நிற்கிறார்கள்.

முதலில் அந்த மஞ்சள் லேப் விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. இந்த ஏரிகளின் மீன்கள் எவ்வளவு எளிதாகக் கலக்கின்றன என்பதைப் புதியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. மலாவியிலும் விக்டோரியாவிலும் இனங்கள் பிரிந்து அதிக காலம் ஆகவில்லை, ஒன்றோடொன்று சேர்ந்தால் பெரும்பாலும் குஞ்சும் வரும், அந்தக் குஞ்சும் இனப்பெருக்கம் செய்யும். இயற்கையில் அவற்றைப் பிரித்து வைப்பது பெரும்பாலும் பெண் மீனின் தேர்வு. தன் இனத்து ஆணின் நிறத்தைப் பார்த்து அது போகிறது. தொட்டியில் அந்த ஆண் இல்லை, அல்லது இருந்தும் வேறொரு முரட்டு ஆணுக்குப் பயந்து மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறது என்றால் இருக்கிறவனோடு சேர்ந்துவிடும். விக்டோரியா ஏரியிலேயே இது நடந்தது. கரையிலிருந்து வந்த கழிவும் மண்ணும் தண்ணீரைக் கலக்கிவிட்டதால் நிறம் தெரியாமல் போய், இனங்கள் ஒன்றோடொன்று கரைகின்றன என்று ஆய்வாளர் ஓலே சீஹவுசனும் கூட்டாளிகளும் 1997-ல் எழுதினார்கள். அவ்வளவு பெரிய ஏரியிலேயே அப்படி என்றால் நாலடித் தொட்டியில் என்ன ஆகும் என்று பாருங்கள். பீகாக் வளர்க்கிறவர்களுக்கு இன்னும் கஷ்டம். ஆண்கள் நீலம், மஞ்சள், சிவப்பு என்று தனித்தனியாக ஜொலிக்கும், பெண்கள் எல்லாம் ஒரே மாதிரி சாம்பல் பழுப்பில் மங்கலான பட்டைகளோடு இருக்கும். இரண்டு இனப் பெண்களை ஒரே தொட்டியில் விட்டுவிட்டால் பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

ஆகவே பார்வைக்கு எது எது என்று சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையில் சங்கம் நடத்த முடியாது. எழுத்து வேண்டும். ஒரு பதிவேடு போடுங்கள். யாரிடம் எந்த இனம் இருக்கிறது, ஏரியின் எந்தப் பகுதியிலிருந்து வந்த வழி (வம்சம்), ஏரியில் பிடித்ததா, அப்படிப் பிடித்ததன் முதல் தலைமுறையான எஃப்1-ஆ, அதற்குப் பிந்தியதா, யாரிடமிருந்து வாங்கியது. இடத்தின் பெயரை விட்டுவிடாதீர்கள், அறிவியல் பெயரைவிட அதுதான் நிலைத்து நிற்கிறது. நான் ம்பூனா வளர்க்க ஆரம்பித்தபோது ஜீப்ரா எல்லாம் சூடோட்ரோஃபியஸ் என்ற பேரினம். பிறகு ஒரு சாரார் மேலாண்டியா என்றார்கள், இன்னொரு சாரார் மெட்ரியாக்ளிமா என்றார்கள், அந்தச் சண்டை இன்றும் ஓயவில்லை. பெயர் எப்படி மாறினாலும், எந்தப் பாறையிலிருந்து வந்த மீன் என்று எழுதிவைத்திருந்தால் அதன் அடையாளம் போகாது. ட்ரோஃபியஸில் இது இன்னும் முக்கியம். ஒரே இனம், ஆனால் கரையோரம் கொஞ்ச தூரம் தள்ளிப் போனால் நிறம் வேறு. வெறுமனே மூரி என்று இனப்பெயர் மட்டும் எழுதிய பையால் யாருக்கும் பயனில்லை, இலாங்கி மூரி என்று இடத்தோடு எழுதியிருந்தால்தான் அதோடு எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்று தெரியும்.

ஏலப் பையின் சீட்டிலும் அதே விவரம் வரட்டும். 'கோபாடிக்ரோமிஸ் போர்லெயி, கடாங்கோ, எஃப்2, 8 குஞ்சு, 4 செமீ', கீழே வளர்த்தவர் பெயர். இவ்வளவும் இல்லாத பை மேடை ஏறக் கூடாது. ஏலத்துக்கு முன்னால் விவரம் தெரிந்த இரண்டு பேர் உட்கார்ந்து ஒவ்வொரு பையாகப் பார்க்கட்டும், அவர்கள் பக்கத்தில் புதியவர்கள் இரண்டு பேரை உட்கார வையுங்கள். கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசிக் கற்றுக்கொடுக்க முடியாததை அந்த மேசையில் அவர்கள் கற்றுக்கொள்வார்கள். துடுப்பின் கறுப்புப் பட்டையை எப்படிப் பார்ப்பது, கொண்டுவந்தவரிடம் எதைக் கேட்பது, சந்தேகம் என்றால் மனம் நோகாமல் எப்படித் திருப்பிக் கொடுப்பது எல்லாம்.

ஏரி வாரியாகப் பிரிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. விக்டோரியா வளர்க்கிறவர்கள் எங்கேயும் ஏழெட்டுப் பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள், தனியாக விட்டால் அந்தக் கிளை வாடிவிடும். ஊர் வாரியாக, பகுதி வாரியாகப் பிரிப்பது வேறு விஷயம். ஜெர்மனியின் சிக்லிட் சங்கம் 1970-ல் தொடங்கியது, இன்றும் பகுதிக் குழுக்களாகத்தான் கூடுகிறார்கள், எல்லோரையும் இணைப்பது அவர்களுடைய இதழ். அமெரிக்காவில் 1967-ல் தொடங்கிய சங்கத்துக்கும் புன்ட்பார்ஷெ புல்லட்டின் என்று ஒரு இதழ் உண்டு. எழுதி வைக்கிற பழக்கம் இருந்ததால்தான் அவர்களிடம் தலைமுறை தாண்டியும் விஷயம் கைமாறுகிறது என்பது என் கருத்து. உங்கள் சங்கத்தில் யாராவது குஞ்சு எடுத்தால் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். தண்ணீர், தொட்டி அளவு, எத்தனை பெண்கள், என்ன இரை, முட்டை போட்டதிலிருந்து தாய் குஞ்சை வாயிலிருந்து துப்பும் வரை எத்தனை நாள். அது போதும்.


சிப்பிவாசி எழுதியது:

பழைய தொட்டி ஐயா சொன்ன பதிவேடு நல்ல யோசனை, மறுப்பில்லை. ஆனால் ஏரிப்பாறை அண்ணா கேட்ட முதல் விஷயத்துக்கு அது மட்டும் பதிலாகாது என்று நினைக்கிறேன். ட்ரோஃபியஸுக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்கிறீர்களே, அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. அவர் இனி கேட்கமாட்டார். மீன் செத்தால் தொட்டியை விற்றுவிடுவார். உறுப்பினர் பட்டியலில் பெயர் மட்டும் இருக்கும்.

எங்கள் சங்கத்தில் விற்பனைக்குத் தனிக் குழு போட்டுவிட்டோம். கேள்வி கேட்கிற குழுவில் விற்பனைப் படம் வந்தால் நிர்வாகிகளில் யார் பார்த்தாலும் உடனே எடுத்துவிடுவார்கள், அதில் பாரபட்சம் கிடையாது. உடம்பு சரியில்லாத மீன் பற்றிய கேள்விக்கு வாரம் ஒருவர் என்று முறை வைத்திருக்கிறோம். அந்த வாரத்து ஆளுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. இரையை நிறுத்துங்கள், அம்மோனியாவும் நைட்ரைட்டும் அளந்து எண்ணைச் சொல்லுங்கள், பாதித் தண்ணீர் மாற்றுங்கள், மீனின் வயிறு தெரிகிற மாதிரி படம் அனுப்புங்கள் என்று நாலு வார்த்தை உடனே சொல்லிவிட்டு, தெரிந்தவரைக் கூப்பிட்டால் போதும். கேட்டவருக்குத் தனியாக இல்லை என்ற தெம்பு வந்துவிடும்.

அப்புறம் இன்னொரு விஷயம். ஆப்பிரிக்க சிக்லிட் சங்கம் என்றாலே ஆறடித் தொட்டி, நாற்பது ம்பூனா என்று ஒரு படம் எல்லோர் மனதிலும் இருக்கிறது. புதியவர்கள் வருகிறார்கள், அந்தத் தொட்டிகளைப் பார்க்கிறார்கள், தங்களிடம் இருக்கிற சின்னத் தொட்டியில் பத்து ம்பூனாவைப் போடுகிறார்கள், ஒரு மாதத்தில் ஒரே ஒரு ஆண் மட்டும் மிஞ்சுகிறது. அவர்களுக்கு நாங்கள் நத்தைக்கூட்டில் குடியிருக்கிற மல்டிஃபாசியாட்டஸ் கொடுக்கிறோம். வளர்ந்த ஆணே இரண்டு அங்குலத்துக்குள் அடங்கிவிடும். அறுபது லிட்டர் தொட்டி, அடியில் மெல்லிய மணல், அதன்மேல் மீன்களைவிட அதிகமாகக் காலி நத்தைக்கூடுகள். தங்கனீக்காவில் நியோதௌமா என்ற நத்தையின் கூடுகள் ஏரித்தரையில் பரந்து கிடக்கும், இவை தலைமுறை தலைமுறையாக அங்கேயே காலனி போட்டு வாழ்கின்றன. தொட்டியில் விட்ட கொஞ்ச நாளிலேயே ஒவ்வொன்றும் தன் கூட்டைச் சுற்றி வாயால் மணலை அள்ளி அள்ளி வெளியே கொட்டிப் பள்ளம் பறிக்கும், கூட்டைத் தான் நினைத்த கோணத்துக்கு இழுத்து வைக்கும். பிறகு ஒருநாள் கூட்டின் வாயில் அரிசி மணி அளவுக்கு இரண்டு கண்களோடு குஞ்சு எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்த எந்தப் புதியவரும் சும்மா இருப்பதில்லை, படம் எடுத்து அனுப்புவார், அடுத்த கூட்டத்துக்கு வருவார், ஏலத்துக்காக இல்லாமல் தன் மீனைப் பற்றிச் சொல்வதற்காக வருவார். பெரிய குஞ்சுகளைத் தாய்மீன்கள் விரட்டுவதும் இல்லை, ஒரே தொட்டியில் அடுத்தடுத்துப் பொரித்த மூன்று நான்கு ஈட்டுக் குஞ்சுகள் சேர்ந்து திரியும். கலப்பினப் பயமும் அந்தத் தொட்டியில் கிடையாது.

சந்தா விஷயத்தில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். வடிகட்டுவதற்காகச் சந்தா போடாதீர்கள். பணம் இருக்கிற வியாபாரி கட்டிவிடுவார், ஆர்வத்தோடு வருகிற கல்லூரிப் பிள்ளை கட்டமாட்டான். செலவுக்காக என்றால் போடுங்கள், முதல் வருடம் மாணவர்களுக்கு வேண்டாம்.


ஏரிப்பாறை எழுதியது:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. கேள்விக்குழு, விற்பனைக்குழு என்று பிரிப்பதை இந்த வாரமே செய்துவிடுகிறோம், முறை வைப்பதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அக்கா சொன்ன நத்தைக்கூட்டு மீன் எங்களில் ஒருவரிடம் ஏராளமாக இருக்கிறது, இப்படி ஒரு பயன் இருக்கிறது என்று தோன்றவே இல்லை.

பதிவேடும் சீட்டும் போட எனக்கும் ஆசைதான், ஆனால் ஒரு சங்கடம். எங்கள் ஏலத்துக்கு அதிகப் பைகள் கொண்டுவருகிறவர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர், சங்கத்துக்கு நிறையச் செய்திருக்கிறார், கூட்டத்துக்கு இடம் இல்லாதபோதெல்லாம் தன் வீட்டைத் திறந்துவிட்டிருக்கிறார். அவரிடம் இருப்பவை பெரும்பாலும் ஓபி பீகாக், டிராகன் ப்ளட் மாதிரி கலப்பினங்கள், அப்புறம் கலவைத் தொட்டியில் தானாக வந்த குஞ்சுகள். கலப்பினம் கூடாது என்று விதி போட்டால் அவர் மேடை ஏற முடியாது. அவர் போனால் ஏலம் பாதியாகிவிடும், ஏலப் பணத்தில்தான் எங்கள் செலவு ஓடுகிறது. ஆர்வலர்கள் கலப்பினம் வளர்ப்பதே தவறு என்று நான் நினைக்கவில்லை, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இதை எப்படிக் கையாள்வது?


நீலவரி எழுதியது:

நான் ஒரு சங்கத்தில் பொருளாளராக இருக்கிறேன், அதனால் பணத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

செலவு முழுவதும் ஏலத்தை நம்பி இருந்தால் யார் அதிகப் பை கொண்டுவருகிறாரோ அவர் சொல்வதுதான் சங்கத்தில் நடக்கும். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதுதான் நிலை. அதனால் கூட்ட இடம், இதழ், பரிசோதனைக் கருவிகள் மாதிரி கட்டாயச் செலவு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, அதைச் சந்தாவிலிருந்து எடுங்கள். சிப்பிவாசி அக்கா சொன்ன மாதிரி மாணவர்களுக்கு விலக்கு கொடுத்தாலும் பரவாயில்லை. ஏலத்தில் சங்கத்துக்கு வரும் பங்கைத் தனியாக வைத்து வேறு நல்ல காரியத்துக்குச் செலவிடலாம். ஒவ்வொரு ஏலம் முடிந்ததும் எத்தனை பை போனது, விற்றவர்களுக்கு எவ்வளவு, சங்கத்துக்கு எவ்வளவு என்று அங்கேயே படித்துவிடுங்கள். எங்கள் சங்கத்தில் இதைத் தொடங்கிய பிறகு கணக்கைப் பற்றிய முணுமுணுப்பு அடியோடு நின்றுவிட்டது. நிர்வாகக்குழுவில் இருப்பவர் தன் பையைத் தானே பரிசோதிக்கக் கூடாது என்றும் எழுதிவையுங்கள்.

கலப்பினம் பற்றி. வீட்டில் யார் எதை வேண்டுமானாலும் வளர்க்கட்டும், அதில் சங்கம் தலையிடக் கூடாது. ஓபி பீகாக் ஏரியில் கிடையாது, தொட்டியில் மனிதர் கலந்து உருவாக்கியது, அதை வாங்குகிறவருக்கு அது தெரிந்திருந்தால் அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. சிக்கல் தானாக வந்த குஞ்சுகளில்தான் இருக்கிறது. அவை ஏதோ ஓர் இனத்தின் பெயரில் போகும், பிறகு திரும்பி வராது. பல சங்கங்களின் ஏல விதியில் கலப்பினத்துக்கு இடமே இல்லை, நானும் அதைத்தான் சிபாரிசு செய்வேன், சங்கத்தின் மேடையில் ஏறுகிற மீன் சங்கத்தின் வாக்கு. ஆனால் அந்த மனிதரிடம் விதியை அச்சடித்து நீட்டாதீர்கள். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். இவ்வளவு குஞ்சு எடுத்து வளர்த்துக் காட்டியவர் என்றால் கையில் திறமை இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஊர்பெயர் தெரிந்த நல்ல வழியில் ஒரு குழுவைச் சங்கமே வாங்கி அவர் கையில் கொடுங்கள். ஒரு இனம், ஒரு தொட்டி, வேறு எதுவும் அதில் கூடாது. முதல் குஞ்சுகளில் பாதி சங்கத்துக்கு, மீதி அவருக்கு. ஒரு வருடத்தில் சங்கத்திலேயே நல்ல வழி வைத்திருப்பவர் அவராக இருப்பார்.

குஞ்சு எடுப்பவர்களுக்குப் புள்ளி கொடுக்கிற முறையையும் யோசியுங்கள். முட்டை வந்தது என்று சொன்னால் போதாது, இரண்டு மாதம் வளர்த்துக் கொண்டுவந்து காட்ட வேண்டும், கொஞ்சம் சங்க ஏலத்துக்குக் கொடுக்க வேண்டும். எளிதான இனத்துக்குக் குறைந்த புள்ளி, கஷ்டமானதுக்கு அதிகம். மஞ்சள் லேப் யார் தொட்டியிலும் வாயில் முட்டை வைக்கும், மூன்று வாரத்தில் துப்பும். ட்ரோஃபியஸ் ஒரு பெரிய குழுவைக் கட்டிக் காத்து, ஒன்றையொன்று கொல்லாமல், வயிறு கெடாமல் வளர்த்துக் குஞ்சு பார்ப்பது வேறு கதை, அதற்குரிய மரியாதை கிடைக்க வேண்டும்.


பழைய தொட்டி எழுதியது:

நீலவரி சொன்னதை அப்படியே செய்யுங்கள் தம்பி, குறிப்பாக அவர் கையில் ஒரு குழுவைக் கொடுக்கிற யோசனை. எந்த இனம் என்று கேட்பீர்கள், நான் சொல்கிறேன், சிண்டோங்கோ சௌலோசி.

சும்மா சொல்லவில்லை. மலாவி ஏரியில் சிசுமுலு தீவுக்குப் பக்கத்தில் தைவானி என்று ஒரு பாறைத்திட்டு இருக்கிறது. இந்த மீன் உலகத்தில் அங்கே மட்டும்தான். 1990-ல் சிக்லிட் ஆய்வாளர் கோனிங்ஸ் இதைப் புது இனமாக விவரித்தார், 2016-ல் சூடோட்ரோஃபியஸிலிருந்து சிண்டோங்கோவுக்குப் பெயர் மாறியது. பெண்ணும் குஞ்சும் நல்ல மஞ்சள், ஆண் வளர வளர நீலமாகிக் கறுப்புப் பட்டை போடும், ஒரே தொட்டியில் இரண்டு நிறமும் கிடைப்பதால் அலங்கார மீன் வியாபாரத்துக்காக அள்ளி எடுத்தார்கள். அதன் விளைவாக அது இன்று அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் செம்பட்டியலில் இருக்கிறது. ஆனால் தொட்டிகளில் எளிதாக வளர்கிறது, எளிதாகக் குஞ்சு போடுகிறது. ஏரியில் அருகிப்போன ஒரு மீனைச் சுத்தமாக வைத்திருப்பது சாதாரண ஆர்வலர்களால் ஆகக்கூடிய காரியம் என்றால், அதைச் செய்யாமல் வேறு எதற்காகச் சங்கம்? ஒரு தொட்டியில் இருந்தால் போதாது. ஆதிக்கம் செலுத்துகிற ஆண்தான் பெரும்பாலான குஞ்சுகளுக்குத் தகப்பனாக இருக்கும், சில தலைமுறையில் எல்லாம் உடன்பிறப்பாகிவிடும். நாலைந்து வீடுகளில் வெவ்வேறு வழிகளை வைத்து, இடையிடையே ஆண்களை மாற்றிக்கொள்ள வேண்டும். பதிவேடு இல்லாமல் அது முடியாது, ஆள் இல்லாமலும் முடியாது. உங்களிடம் ஆள் இருக்கிறது.

விக்டோரியாவையும் நினைத்துப் பாருங்கள். 1950களில் நைல் பெர்ச் என்ற பெரிய இரைகொல்லி மீனைக் கொண்டுபோய் விட்டார்கள், 1980களில் அது பெருகியபோது ஏரிக்கே உரிய சிக்லிட் இனங்களில் ஏறக்குறைய 200 காணாமல் போயின என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஹாப்லோக்ரோமிஸ் பெரியரி மாதிரி சில இனங்கள் ஏரியில் காணப்படாமல், உயிர்க்காட்சி சாலைகளிலும் வளர்ப்பாளர் தொட்டிகளிலும் மட்டுமே பிழைத்திருக்கின்றன. அவற்றை வைத்திருக்கிறவர்களில் பெரிய ஆராய்ச்சியாளர்களும் உண்டு, நம் மாதிரி வீட்டில் ஃபில்டர் கழுவுகிறவர்களும் உண்டு. கேர்ஸ் என்ற பாதுகாப்புத் திட்டத்தில் இப்படிப்பட்ட இனங்களின் பட்டியல் இருக்கிறது, சங்கங்கள் அதில் சேர்ந்து தங்கள் உறுப்பினர்கள் எதை வைத்திருக்கிறார்கள் என்று பதிவு செய்கின்றன. உங்கள் பதிவேட்டை ஆரம்பத்திலேயே அதற்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏலப் பங்கைத் தனியாக வைக்கச் சொன்னாரே நீலவரி, அதற்கும் ஒரு வழி சொல்கிறேன். ஸ்டூவர்ட் கிராண்ட் பெயரில் ஒரு சிக்லிட் பாதுகாப்பு நிதி இருக்கிறது. மலாவி ஏரித் தேசியப் பூங்காவுக்குள் திருட்டு வலை போடுவதைத் தடுக்க, தண்ணீருக்கடியில் வலை மாட்டிக்கொள்கிற மாதிரி தடைகளை வைக்கிற வேலையை அது செய்கிறது. வருடத்தில் ஓர் ஏலத்தின் பங்கையாவது அங்கே அனுப்புங்கள். நாம் வளர்க்கிற மீனின் சொந்த வீட்டுக்கு நாம் செய்கிறது.


சிப்பிவாசி எழுதியது:

ஐயா, ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். தொட்டியில் வளர்த்த மீனை அப்படியே ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று சில புதியவர்கள் நினைக்கிறார்கள், அது கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நோயும் போகும், கலந்த ரத்தமும் போகும். அதேபோல, வேண்டாம் என்று ஆன மீனைப் பக்கத்துக் குளத்திலோ ஆற்றிலோ விடுவதும் கூடாது. சண்டை போடுகிற உபரி ஆண்களை என்ன செய்வது என்று தெரியாமல்தான் பலர் அப்படிச் செய்கிறார்கள். எங்கள் சங்கத்தில் ஆண்கள் மட்டும் இருக்கிற பெரிய தொட்டி வைத்திருக்கிறவர்கள் பெயரைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறோம், உபரி ஆண் யாரிடம் இருந்தாலும் அவர்களுக்குப் போகும். கலப்பினம் என்று ஏலத்தில் திருப்பிய மீனுக்கும் அதே இடம்தான். விற்பனை இல்லை, இலவசம், குஞ்சு எடுப்பதில்லை என்று ஒப்புக்கொண்டு வாங்கிப் போவார்கள்.


ஏரிப்பாறை எழுதியது:

சௌலோசி என்றதும் அவர் முகம் எனக்குக் கண்ணில் தெரிகிறது, நிச்சயம் ஒப்புக்கொள்வார். நானும் இன்னொருவரும் போய்ப் பேசுகிறோம். பொதுக்குழுவில் வைக்க ஏல விதியையும் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

கடைசியாக ஒரு சந்தேகம். இப்போது உறுப்பினர்கள் தொட்டியில் இருக்கிற மீன்களில் பாதிக்கு எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. கடையில் வாங்கியது, நண்பர் கொடுத்தது. பதிவேட்டில் அவற்றை எப்படி எழுதுவது? விட்டுவிடலாமா?


பழைய தொட்டி எழுதியது:

விடாதீர்கள், எழுதுங்கள். இனம் உறுதியாகத் தெரிந்தால் இனத்தின் பெயர், இடம் என்ற கட்டத்தில் 'தெரியாது'. படத்தைப் பார்த்து, இது கடாங்கோ மாதிரி இருக்கிறது, இலாங்கி மாதிரி இருக்கிறது என்று யாரையும் எழுத விடக் கூடாது. ஒருமுறை ஊகித்து எழுதியதை அடுத்தவர் உண்மை என்று எடுத்துக்கொள்வார். இனமே சந்தேகம் என்றால் பேரினத்தோடு நிறுத்திவிடுங்கள், அந்த மீனிலிருந்து வந்த குஞ்சு ஏலத்துக்கு வராது என்று வளர்ப்பவரிடமும் சொல்லிவிடுங்கள்.

பதிவேட்டை இரண்டு பேர் வைத்திருக்கட்டும், ஒருவர் விலகினாலும் போய்விடாது. வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் கூப்பிட்டு இன்னும் இருக்கிறதா, எத்தனை, குஞ்சு யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். அந்தக் கூப்பிடுகிற வேலையைப் புதியவர்களிடம் கொடுங்கள், எல்லோரையும் அறிமுகம் செய்துகொள்வார்கள். செத்துப்போனதையும் எழுதச் சொல்லுங்கள், ஒரு வழி குறைந்துகொண்டே வருகிறது என்று தெரிந்தால்தான் மிச்சம் வைத்திருக்கிறவரிடம் போய்க் குஞ்சு கேட்க முடியும். சௌலோசிக்கு வேறொரு வழியில் ஆண் வேண்டும் என்றால் இங்கே எழுதுங்கள், என்னிடம் வளர்ந்தவை இருக்கின்றன, எங்கிருந்து வந்தவை என்ற விவரத்தோடு அனுப்பிவைக்கிறேன்.